பூரானைப் பாத்தா அடிக்கிறதுக்கு முன்னாடி அது எந்தப் பூரான்னு கண்டுபிடிக்கிறது எப்படி (செட்டிநாட்டுக்காரங்களுக்கு)

ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எல்லா ஊர்லயும் பெரிய வீட்டுக்குள்ள பூரான் வர ஆரம்பிச்சிடும். வளவு ஓரத்துல, தண்ணி போற மடைக்கிட்ட, இரண்டாங்கட்டு அடுப்பங்கரையில, விறகு அடுக்கி வச்ச மூலையில. பாத்த உடனே தொடப்பக்கட்டை, செருப்பு, இல்லன்னா மண்ணெண்ணெய். அடிச்சு நசுக்குனதுக்கு அப்புறம் "இது எந்தப் பூரான், ரொம்ப விஷமா"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது, ஏன்னா பூரானை அடையாளம் காணத் தேவையான எல்லாமே அதோட தலையிலயும் பக்கவாட்டுலயும் கடைசிக் கால்லயும்தான் இருக்கு, செருப்படி விழுறதும் அதே இடத்துலதான். ரெண்டு நிமிஷம் பொறுத்தா போதும், அது நம்ம ஊர்ல எந்த வகை, எங்க வாழுது, எவ்வளவு கவனமா இருக்கணும்னு தெரிஞ்சுக்கலாம், நல்ல பதிவாவும் ஆக்கலாம்.

முதல்ல எது பூரான், எது பூரான் இல்லன்னு பிரிச்சுக்கங்க. ஒரு கணுவுக்கு ஒரே ஜோடிக் கால்னா பூரான். ஒரு கணுவுக்கு ரெண்டு ஜோடி, உடம்பு உருண்டையா, தொட்டா சுருண்டு படுத்துக்கும்னா அது மரவட்டை, நம்ம புள்ளைங்க ரயில் பூச்சின்னு சொல்லுமே அதுதான், அது கடிக்காது, இலை மக்குறதைத் தின்னு வாழுற சாது. பூரான் மொத்தமும் வேட்டைக்காரன், கரப்பான், பாச்சான், சின்னப் பல்லி வரைக்கும் பிடிச்சுத் தின்னும்.

அடுத்து கால் எத்தனை ஜோடின்னு எண்ணணும். நூறுகால்னு சொல்றாங்களே தவிர சரியா நூறு கால் உள்ள பூரானே கிடையாது, வளந்த பூரானுக்கு ஜோடி எண்ணிக்கை எப்பவும் ஒத்தைப்படையாத்தான் வரும், அம்பது ஜோடி வர வழியே இல்ல. பதினஞ்சு ஜோடி, காலெல்லாம் ரொம்ப நீளமா நூல் மாதிரி, சுவத்துல மின்னல் வேகத்துல ஓடுதுன்னா அது நீளக்கால் வீட்டுப் பூரான் கூட்டம். அதோட கண்ணு ஈ கண்ணு மாதிரி கூட்டுக்கண், மூச்சு விடுற துளை முதுகு நடுவுல வரிசையா இருக்கும். வீட்டுல கரப்பானை ஒழிக்கிற நல்ல ஆளு, மனுஷத் தோலைத் துளைக்கிறதே அபூர்வம், அதை விட்டுடுங்க. நூல் கணக்கா மெல்லிசா, மஞ்சளா, கண்ணே இல்லாம, இருபத்தேழு ஜோடியோ அதுக்கு மேலயோ கால் வச்சு மண்ணுக்குள்ள நெளியுறது மண் பூரான். இதுல ஆர்ஃப்னியஸ் ப்ரெவிலேபியேட்டஸ்னு ஒரு வகை வெப்பநாடு பூராவும் பரவியிருக்கு, சீண்டுனா இருட்டுல பச்சையா ஒளிர்ற ஒரு திரவத்தை விடும். மழைக்காலத்துல ராத்திரி கொல்லைத் தரையில கோடு கோடா வெளிச்சம் தெரிஞ்சா பயப்பட வேண்டாம்.

இருபத்தொரு ஜோடின்னு எண்ணி வந்துச்சுன்னா, அப்பத்தான் நாம பேச வந்த ஆளு. நம்ம பக்கம் பெரிய பூரான், செய்யான்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் ஸ்கோலோபென்ட்ரா இனம். எண்ணும்போது ஒரு விஷயம், ஒரு பக்கத்தை மட்டும் எண்ணாதீங்க, சண்டையில கால் போயிருக்கும், தோல் உரிக்கும்போது மறுபடி முளைச்சு சின்னதா நிக்கும், அதனால ரெண்டு பக்கமும் எண்ணுங்க, தலைக்குக் கீழ இருக்கிற விஷக் கொடுக்கைக் கால் கணக்குல சேக்காதீங்க.

இப்ப எப்படிப் பிடிச்சு வச்சுப் பாக்குறது. கையால தொடுற வேலையே வேண்டாம், பழைய ஆளுங்க சிலர் கழுத்தை அமுக்கிப் பிடிப்பாங்க, அதைப் பாத்துப் பழகாதீங்க, அது உடம்பை வளைச்சுத் திரும்பிக் கொத்தும். அகலவாய் கண்ணாடி பாட்டில் ஒண்ணு, கெட்டி அட்டை ஒண்ணு, நீளமான இடுக்கி ஒண்ணு. பாட்டில் உயரம் பூரான் நீளத்தைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும், வழவழப்பான சுத்தமான கண்ணாடியில அதால ஏற முடியாது, ஆனா எழும்பி நின்னா விளிம்பை எட்டிரும். பாட்டிலைப் பூரான் மேல கவுத்து, அட்டையை அடியில மெதுவா சொருகி நிமித்தணும். அவசரப்படாதீங்க, கால் அட்டைக்கடியில மாட்டுனா காலைக் கழட்டி விட்டுட்டு ஓடிரும். உள்ள ஒரு நனைச்ச பஞ்சு போட்டு வைங்க, ஏன்னா பூரான் தோலுக்குப் பூச்சி தோலுக்கு இருக்கிற மாதிரி மெழுகுப் பூச்சு கிடையாது, காஞ்ச காத்துல வச்சா சீக்கிரம் தண்ணி வத்திச் செத்துப் போகும். அது பகல்ல ஒளியுறதும், ராத்திரி வெளிய வர்றதும், மழை நேரத்துல நடமாடுறதும், நம்ம வீட்டு ஈரமான மடைக்கிட்ட வந்து நிக்கிறதும் எல்லாம் பெரும்பாலும் இந்தக் காரணத்தால.

போட்டோ எடுக்க இன்னொரு வழி ரொம்ப வசதி. பிரியாணி பார்சல் வருமே கண்ணாடி மாதிரி தெளிவான டப்பா, அதுல பூரானை விட்டு, மேல ஈரமான ஸ்பான்ஜை வச்சு லேசா, நசுங்காம, நகராத அளவுக்கு மட்டும் அமுக்கி, டப்பாவைத் தலைகீழாத் திருப்புனா முதுகோ வயிறோ அடிப்பக்கத்துல பதிஞ்சு தெளிவாத் தெரியும். செல்போன்ல கிட்ட வச்சு எடுக்கலாம், பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல அமுக்கி வைக்காதீங்க.

இனி உடம்பை வரிசையாப் பாப்போம்.

தலையில மேல ஒரே தகடு. அதுக்கு முன்னாடி ரெண்டு மீசை, கணுக் கணுவா, ஸ்கோலோபென்ட்ராவுல ஒரு வகையான மார்சிடான்ஸுக்குப் பதினேழுல இருந்து இருபத்துச் சொச்சம் கணு வரைக்கும் இருக்கும். மீசையோட அடிக்கணு சிலது முடியில்லாம பளபளன்னு இருக்கும், அதுக்கு மேல மெல்லிய முடி போர்த்துன மாதிரி மங்கலாகும், எந்தக் கணு வரைக்கும் பளபளப்புங்குறது அடையாளத்துக்கு உதவுற ஒரு குறி, அதனால மீசையைக் கிட்டத்துல ஒரு போட்டோ கட்டாயம். கண்ணு ஒவ்வொரு பக்கமும் நாலு சின்னப் புள்ளி. வெளிச்சம் இருட்டு தெரியுறதுக்கு மேல பெருசாப் பாக்காது, உலகத்தை அது மீசையாலயும் கால் தொடுகையாலயும்தான் தெரிஞ்சுக்குது. கண்ணே இல்லாத குட்டிப் பூரான் இருபத்தொரு ஜோடிக் காலோட வந்துச்சுன்னா அது க்ரிப்டாப்ஸ் மாதிரி வேற இனம்.

தலைக்குக் கீழ திருப்பிப் பாத்தா ரெண்டு பக்கமும் வளைஞ்ச, நுனி கறுத்த கொக்கி. பூரான் வாயால கடிக்கிறது இல்ல, உடம்போட முதல் ஜோடிக் காலே மாறி விஷக் கொடுக்கா ஆகியிருக்கு, விலங்கு உலகத்துல கால் விஷ ஆயுதமா ஆனது இவங்களுக்கு மட்டும் உள்ள அமைப்பு. விஷப்பை அந்தக் கொக்கிக்குள்ளயே இருக்கு. அதனால "ஒவ்வொரு காலுலயும் விஷம், உடம்புல ஏறி நடந்தாலே தடிக்கும்"னு ஆச்சிமார் சொல்றதுல கால் விஷம்ங்குறது சரியில்ல. நடந்து போகும்போது கொடுக்கு பட்டாத்தான் விஷம் ஏறும். கொடுக்கு ரெண்டும் சேர்ற இடத்துல முன்னாடி பல் வரிசை மாதிரி ரெண்டு சின்னத் தட்டு நீட்டிட்டிருக்கும், அதுல எத்தனை பல்லுன்னு பாக்குறதும் இனம் பிரிக்க உதவும்.

முதுகுத் தட்டுல நிறம் பாருங்க, ஆனா நிறத்தை மட்டும் நம்பாதீங்க. மார்சிடான்ஸ் நிறம் ஊருக்கு ஊர் மாறும், மஞ்சள் பழுப்பு உடம்புல ஒவ்வொரு தட்டோட பின் ஓரத்துலயும் கரும்பச்சைப் பட்டை போட்டது, முழுக்க ஆலிவ் நிறமானது, தலை மட்டும் செவந்ததுன்னு பல மாதிரி வரும், நீளம் சாதாரணமா பத்து சென்டிமீட்டர் பக்கம். இதோட குழப்பிக்க முடியாத ஒரு ஆளு உண்டு, ஸ்கோலோபென்ட்ரா ஹார்ட்விக்கி, ஒரு தட்டு முழுசா ஆரஞ்சு செவப்பு, ஒரு தட்டு முழுசா கறுப்புன்னு மாறி மாறி வர்றது, புலிப்பூரான்னு சொல்றது இதைத்தான். பட்டை ஓரத்துல மட்டும் இருந்தா மார்சிடான்ஸ் பக்கம், தட்டு முழுக்க நிறம் மாறி மாறி வந்தா ஹார்ட்விக்கி. இதைப் பாத்தீங்கன்னா தயவுசெஞ்சு அடிக்காதீங்க, நல்ல போட்டோவா எடுங்க, இந்தியாவுலயும் இலங்கையிலயும் வாழுற ரொம்ப அழகான ஜீவன் அது.

பக்கவாட்டுக்கு வாங்க, இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. மூச்சுத் துளை எல்லாக் கணுவுலயும் கிடையாது. ஸ்கோலோபென்ட்ராவுக்கு ஒன்பது ஜோடி: 3, 5, 8, 10, 12, 14, 16, 18, 20 ஆவது கணுவுல. எண்ணிப் பாத்தீங்கன்னா மூணு, அஞ்சுன்னு ஒத்தைப்படையில போயிட்டிருந்தது ஏழை விட்டுட்டு எட்டுக்குத் தாவி, அங்க இருந்து இரட்டைப்படையா மாறிடுது. ஏழாவது கணுவுலயும் துளை இருந்துச்சுன்னா அது ஸ்கோலோபென்ட்ரா இல்ல, ரைசிடா, எத்மோஸ்டிக்மஸ்ங்கிற வேற பூரான் கூட்டத்துல ஒண்ணு. ரைசிடா நம்ம மாதிரி சமவெளியிலயும் வாழும், பச்சை நீலம் கலந்த மாதிரி ஒல்லியா இருக்கும், நிறைய பேர் அதையும் "குட்டி செய்யான்"னு நினைச்சுக்குறாங்க. எத்மோஸ்டிக்மஸ்ல பல இனம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈரக்காட்டைச் சேந்தது. துளையோட வடிவமும் பாருங்க, ஸ்கோலோபென்ட்ராவுக்கு முக்கோணமா மடல் மூடுன மாதிரி, ரைசிடாவுக்கு வட்டமாத் திறந்து இருக்கும். ஏழாவது கணுவைப் பக்கவாட்டுல தெளிவா ஒரு போட்டோ எடுத்துட்டீங்கன்னா அடையாளத்துல பாதி வேலை முடிஞ்சுது.

கடைசிக் கால் ஜோடி நடக்குறதுக்கு இல்ல. தடிமனா, பின்னாடி நீட்டிக்கிட்டு, பாக்குறதுக்கு இன்னொரு தலை மீசை மாதிரி இருக்கும், பிடிக்கவும் எதிரியை மிரட்டவும் பயன்படுத்தும். அதோட அடிக்கணுவுல முள்ளு இருக்கும், மார்சிடான்ஸுக்கு அந்தக் கணுவோட கீழ்ப்பக்கம் வழக்கமா மூணு வரிசையா முள்ளு நிக்கும். முள்ளு எத்தனை, எந்த வரிசையிலன்னு ஆராய்ச்சிக்காரங்க முதல்ல கேப்பாங்க, அதனால கடைசிக் காலை மேல இருந்து ஒண்ணு, கீழ இருந்து ஒண்ணு எடுங்க. வளந்த ஆண் மார்சிடான்ஸுக்குக் கடைசிக் காலோட மேல்பக்கம் தட்டையா, ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கும். மத்த வகைகள்ல ஆணா பொண்ணான்னு வெளிய பாத்துச் சொல்றது கஷ்டம்.

எங்க தேடணும்னு கேட்டா, நம்ம ஊரு செம்மண், செம்புறாங்கல் பூமி, கல்லுக்கடியில ஈரம் நிக்கும், அங்க பாருங்க. இடிஞ்சு கிடக்குற பழைய வீட்டு ஓட்டுக் குவியல், கிணத்தடி, தென்னமட்டைக் குவியல், ஊருணிக் கரைப் படிக்கல்லு இடுக்கு, கண்மாய்க் கரை, முந்திரித் தோப்பு மக்குன இலை, பூட்டிக் கிடக்குற வீட்டுப் பின்கட்டு சாமான் அறை. கல்லைப் பிரட்டும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பு தரையில இருக்கட்டும்னு நினைச்சு உங்க பக்கம் தூக்குவீங்க, அது தப்பு, எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பியாலயோ கம்பாலயோ உங்களை நோக்கித் தூக்குங்க, அப்பத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்போது கல்லு உங்களுக்கும் அதுக்கும் நடுவுல நிக்கும். இது பூரானுக்காக மட்டும் சொல்லல, அதே கல்லுக்கடியில செந்தேளும் சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் இருக்கலாம், ஷூ போடாம, டார்ச் இல்லாம, தனியா ராத்திரி போகாதீங்க. தேள் இருக்கான்னு பாக்க புற ஊதா டார்ச் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, தேள் பச்சையா மின்னும்.

பாத்து முடிச்சதும் கல்லை இருந்த மாதிரியே, அதே குழிக்குள்ள திரும்ப வைங்க. இது ரொம்ப முக்கியம். அடியில ஒரு பூரான் சுருண்டு, வயித்தோட அணைச்சு வெள்ளை மஞ்சளா முட்டைக் குவியலையோ குஞ்சையோ கட்டிப் பிடிச்சிருந்தா போட்டோ கூட வேணாம், உடனே மெதுவா மூடிடுங்க. தாய்ப் பூரான் சாப்பிடாம வாரக்கணக்குல அப்படியே சுத்திப் படுத்து, முட்டையில பூஞ்சை பிடிக்காம நக்கிச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கும், தொந்தரவு பண்ணா சில நேரம் முட்டையை விட்டுட்டுப் போயிடும், தின்னும் விடும். இந்த இனத்துக் குஞ்சு பொறிக்கும்போதே இருபத்தொரு ஜோடிக் காலோட வரும். நீளக்கால் பூரான் அப்படி இல்ல, நாலு ஜோடியோட பொறந்து தோல் உரிச்சு உரிச்சுப் பதினஞ்சுக்கு வரும், அதனால குட்டியில கால் எண்ணிக்கை குறைச்சலா இருந்தா குழம்பாதீங்க.

பரவலைப் பத்தி. மார்சிடான்ஸுக்கு லின்னேயஸ்ங்கிற விஞ்ஞானி 1758ல அறிவியல் பேர் வச்சாரு, ஹார்ட்விக்கிக்கு நியூபோர்ட் 1844ல. மார்சிடான்ஸ் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியான்னு வெப்பநாடு முழுக்கக் கிடைக்குது, உலகத்துலயே அதிகம் பரவுன பூரான்கள்ல ஒண்ணு. கரீபியன் பக்கம் எல்லாம் அது கப்பல் சரக்கோட மனுஷன் கொண்டு போய் விட்டதுன்னு சொல்றாங்க. இதனாலதான் நீங்க பதிவு போடும்போது பூரான் எங்க கிடைச்சுதுன்னு மட்டும் எழுதுனா பத்தாது, நர்சரியில வாங்குன தொட்டியோட வந்துச்சா, லாரியில இறக்குன மணல்ல இருந்துச்சா, வெளியூர் விறகுல வந்துச்சான்னும் எழுதணும். அது நம்ம மண்ணுலயே வாழுற பூரானா, போன வாரம் வந்து இறங்குனதான்னு பின்னாடி பாக்குறவங்களுக்கு அது ஒண்ணுதான் வழி. தென்னிந்தியப் பூரான்களை மரபணு வச்சு ஆராயுறவங்கள்ல ஜாஹ்னவி ஜோஷி முக்கியமானவங்க, ஹைதராபாத் சிசிஎம்பிங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல இருக்காங்க, மேற்குத் தொடர்ச்சி மலை இனங்களைப் பத்தி நிறைய வெளிய வந்தது அவங்க குழு வேலையாலதான். மலைக்காட்டைத் தேடிப் போக ஆள் இருக்கு, திருப்பத்தூர், கோட்டையூர், புதுவயல் மாதிரி வறண்ட சமவெளியில தேட நாமதான் இருக்கோம்.

கடிச்சா என்ன பண்றதுன்னு சொல்லாம விட்டா சரியில்ல. நல்ல எரிச்சலா வலிக்கும், வீங்கும், செவக்கும், சில பேருக்கு ஒரு நாளுக்கு மேலயும் வலி நிக்கும், ஆனா உயிர் போறது மிக மிக அபூர்வம். சோப்பு போட்டுக் கழுவுங்க, மோதிரம் வளையல் இருந்தா உடனே கழட்டுங்க. கடிபட்ட இடத்தைக் கை பொறுக்குற சூட்டுத் தண்ணியில, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணி நேரம் வரைக்கும் வச்சா நிறைய பேருக்கு வலி குறையுது, சூட்டைக் கடிபடாத கையால பாத்துட்டு வைங்க, வெந்துடக் கூடாது. கீறுறது, கயிறு கட்டுறது, சுண்ணாம்பு அப்புறது வேண்டாம். டிடி ஊசி (ரணஜன்னி தடுப்பூசி) பாக்கி இருந்தா போட்டுக்கங்க. மூச்சு வாங்குது, முகம் வீங்குது, மயக்கம் வருது, கடிபட்டது சின்னப் புள்ளையோ வயசானவங்களோன்னா 108 கூப்பிடுங்க. கடிச்சதை நீங்க கண்ணால பாக்கலன்னா பூரான்தான்னு முடிவு பண்ணிட்டு வீட்டுல உக்காராதீங்க, கட்டுவிரியன் கடி வலியே இல்லாம இருக்கும், நேரா ஆஸ்பத்திரி.

வீட்டுக்குள்ள வராம இருக்க மருந்து அடிக்கிறதை விட, வளவு மடைத் துளைக்கு வலை போடுங்க, கதவடி இடைவெளியை அடைங்க, விறகையும் சாக்கையும் கொட்டானையும் சுவரை ஒட்டி வைக்காதீங்க, கரப்பான் குறைஞ்சா பூரானும் தன்னால குறையும். பிடிச்சதை வீட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி, ஈரமான கல்லு மறைவுல, பாட்டிலைப் படுக்க வச்சு விட்டுட்டு நகந்துருங்க.

போட்டோவை ஐநேச்சுரலிஸ்ட்ல (உயிரினங்களைப் பதிவு பண்ற இணையதளம்) ஏத்துங்க: முழு உடம்பு, தலை மீசை, ஏழாவது கணுப் பக்கவாட்டு, கடைசிக் கால் மேலயும் கீழயும், ஸ்கேலோட ஒண்ணு. தேதி, ஊர், எந்த மாதிரி இடம், மழை பேஞ்சுதா, பகலா ராத்திரியா. சொந்த வீட்டுல எடுத்ததுன்னா இடத்தை மறைச்சுக் காட்டுற செட்டிங் இருக்கு, அதைப் போட்டுக்கங்க.

ஏற்கனவே செத்துக் கிடந்தது கிடைச்சா தூக்கிப் போடாதீங்க, அதுவும் பயன்படும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் மாதிரி காப்பு இடத்துல இருந்து எதையும் எடுக்கக் கூடாது, மத்தபடி வீட்டுல செத்ததை மொதல்ல போட்டோ எடுத்துட்டு, ஏன்னா ஸ்பிரிட்டுல போட்டா நிறம் வெளுத்துடும், 70 சதவீத எத்தனால்ல முழுசா முங்குற மாதிரி சின்ன பாட்டில்ல போடுங்க. எத்தனாலுக்கும் ஒப்படைக்கிறதுக்கும் பக்கத்துக் காலேஜ் விலங்கியல் துறையில கேளுங்க. ஊர், இடம், தேதி, எடுத்தவர் பேரை ஒரு துண்டுத் தாள்ல எழுதி பாட்டிலுக்குள்ளயே போடணும், பேனாவால எழுதாதீங்க, மை எத்தனால்ல கரைஞ்சுடும், பென்சிலால எழுதுங்க.